வழிகாட்டிக் கருவிக்கு மணி சொல்வது யார்?
தீர்க்கக்கோடும் திட்டநேரமும்: ஒரு வகுப்பறை அனுபவம்

"பூமி தன்னைத் தானே ஒரு முறை சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. 360 பாகையைக் கடக்க 1440 நிமிடம். எனவே ஒரு பாகைக்கு 4 நிமிடம்." ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் புவிமாதிரி பாடத்தை நடத்தும் எவருக்கும் இந்த மூன்று வரிகள் பழக்கமானவை. மாணவர்களும் ஒரே நாளில் ஒப்பித்துவிடுவார்கள். மறுநாள் "கிழக்கே போனால் நேரத்தைக் கூட்ட வேண்டுமா, கழிக்க வேண்டுமா?" என்று கேட்டால் பாதி வகுப்பு கூட்டும், பாதி வகுப்பு கழிக்கும். இந்தியத் திட்டநேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது, அது மிர்சாபூர் வழியாகச் செல்கிறது என்பதையும் சரியாக எழுதுவார்கள். ஏன் அந்தக் கோடு, வேறு கோடாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் அமைதி.

ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போதும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. ஆனால் அதே மாணவர்கள் கைபேசியில் கூகுள் மேப்பைத் திறந்து, "வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு 19 நிமிஷம், 4.42க்குப் போயிடலாம்" என்று நொடியில் சொல்கிறார்கள். தீர்க்கக்கோடும் திட்டநேரமும் சேர்ந்து வேலை செய்வதைத்தான் அவர்கள் அந்தத் திரையில் பார்க்கிறார்கள். பாடப்புத்தகத்துக்கும் அந்தத் திரைக்கும் இடையே ஒரு பாலம் போட முடியுமா என்று கடந்த சில ஆண்டுகளாகக் காட்பாடியில் நான் பணிபுரியும் அரசுப் பள்ளியில் முயன்று வருகிறேன். அதில் பயன் தந்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

மாணவர்கள் ஏற்கெனவே அறிந்தவை

எங்கள் பகுதி வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் தொழில் பரவிய பகுதி. பிள்ளைகளின் வீடுகளில் ஒருவராவது தோல் பதனிடும் இடத்திலோ காலணித் தொழிற்சாலையிலோ வேலை செய்கிறார், அல்லது லாரி ஓட்டுகிறார், அல்லது வளைகுடா நாட்டில் இருக்கிறார். நேரம் பற்றிய பாடத்தை நான் இப்போது புத்தகத்திலிருந்து தொடங்குவதில்லை. "வெளிநாட்டில் இருக்கும் அப்பா, மாமா எத்தனை மணிக்குப் போன் செய்வார்கள்?" என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன்.

"சவுதியில எட்டு மணின்னா நமக்குப் பத்தரை டீச்சர். நான் தூங்காம உக்காந்திருப்பேன்" என்றாள் ஒரு மாணவி. துபாய்க்கு ஒன்றரை மணி நேரம் என்றான் இன்னொருவன். காலணி ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கும் தாயின் மகள் சொன்னது இன்னும் சுவையானது: "ஜெர்மனிக்காரங்க கூடப் பேசுற நேரம் மார்ச் மாசக் கடைசியில ஒரு மணி நேரம் மாறிடும்னு அம்மா சொல்வாங்க."

இந்த மூன்று பதில்களையும் கரும்பலகையில் எழுதினேன். சவுதி 2½ மணி, துபாய் 1½ மணி, ஜெர்மனி சில மாதம் 4½ மணி, சில மாதம் 3½ மணி. மூன்று நாடுகளும் நமக்கு மேற்கே உள்ளன, மூன்றிலும் மணி நமக்குப் பின்னால் இருக்கிறது. 'கிழக்கே கூட்டு, மேற்கே கழி' என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுகொண்டார்கள். சூரியனைச் சுற்றிப் பூமி போகும் பாதையில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று எதுவும் நிகழ்வதில்லை. பிறகு ஜெர்மனிக்கு மட்டும் ஏன் இரண்டு எண்கள்? இந்தக் கேள்வியைப் பலகையின் ஓரத்தில் விடையின்றி அப்படியே விட்டுவைத்தேன்.

இடம் சரி, நேரம் தவறு

அந்த வாரத்தில் ஒரு மாணவன், துபாயில் டாக்சி ஓட்டித் திரும்பிய தன் தந்தையின் பழைய வழிகாட்டிக் கருவியைக் கொண்டுவந்தான். காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவைக்கும் சிறிய திரை அது. இந்திய வரைபடம் அதில் இல்லை. மைதானத்துக்கு எடுத்துச் சென்று திறந்த வானத்தின் கீழ் வைத்தோம். நெடுநாள் அணைந்து கிடந்து, வேறு நாட்டுக்கும் வந்துவிட்ட கருவி என்பதால் செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடிக்கச் சிறிது நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு திரையில் இரண்டு எண்கள் தோன்றின. ஏறத்தாழ 12.97 பாகை வடக்கு, 79.13 பாகை கிழக்கு. நிலவரைபட ஏட்டைப் பார்த்துக் காட்பாடிதான் என்று மாணவர்கள் உறுதிசெய்தார்கள். ஆனால் வகுப்புக் கடிகாரத்தில் 11.40 ஆக இருந்தபோது கருவியில் 10.10.

"எடம் கரெக்டா காட்டுது டீச்சர். டைம் மட்டும் ஏன் ஒண்ணரை மணி நேரம் பின்னாடி இருக்குது?"

ஒரு கருவி தான் இருக்கும் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் சொல்கிறது, மணியைத் தவறாகச் சொல்கிறது. இந்த ஒரு கேள்வியை அவிழ்த்தால் பாடம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. அடுத்த நான்கு பாடவேளைகளை இதற்கென்றே ஒதுக்கினேன்.

கடிகாரம்தான் அளவுகோல்

இடத்தை அளக்கும் வேலையைச் செய்வது கடிகாரம்தான் என்பது மாணவர்களுக்கு முதலில் வியப்பைத் தருகிறது. இடியிலிருந்து தொடங்கலாம். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குகிறோம். ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மூன்று வினாடி கழித்து இடி கேட்டால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தொலைவில் என்று சொல்லிவிடலாம். இங்கே நாம் தொலைவை அளந்தது நாடாவால் அல்ல, நேரத்தால்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களும் இப்படித்தான். தரையிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அவை சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் உண்டு. "நான் இன்ன செயற்கைக்கோள், இப்போது இன்ன இடத்தில் இருக்கிறேன், இதை அனுப்பும் நேரம் இது" என்று ஒவ்வொன்றும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த வானொலி அலை ஒளியின் வேகத்தில் வந்தாலும் நம்மை அடையச் சுமார் பதினைந்தில் ஒரு பங்கு வினாடி ஆகும். அனுப்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைத்துவிடும்.

இதற்கு ஒரு மைதானச் செயல்பாடு: கொடிக்கம்பம், வாயிற்கதவு, வேப்பமரம் ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு கயிற்றைக் கட்டுங்கள். "ஒரு மாணவர் கொடிக்கம்பத்திலிருந்து 12 மீட்டரில் நிற்கிறார்" என்றால் அவர் ஒரு வட்டத்தின் மீது எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். வாயிற்கதவிலிருந்தும் தொலைவு தெரிந்தால் இரண்டு இடங்கள் மட்டுமே எஞ்சும். மூன்றாவது கயிறு அவற்றில் ஒன்றை உறுதிசெய்யும். எட்டாம் வகுப்புக்கு மேல் இதைக் கவராயத்தால் தாளில் வரையச் சொல்லலாம். கணித ஆசிரியர் உடனிருந்தால் இன்னும் நல்லது.

"அப்படின்னா மூணு செயற்கைக்கோள் போதுமா?" என்று யாராவது கேட்பார்கள். நம் கையிலுள்ள கருவியில் அணுக் கடிகாரம் இல்லை. அதிலுள்ள சாதாரணக் கடிகாரம் சற்றுப் பிழையோடுதான் ஓடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு வினாடி பிழையானாலே தொலைவு 300 மீட்டர் தவறிவிடும். அந்தப் பிழை எவ்வளவு என்பதும் நமக்குத் தெரியாத ஒன்றே. ஆக, கண்டுபிடிக்க வேண்டியவை நான்கு: இடத்தைக் குறிக்கும் மூன்று எண்கள், கடிகாரப் பிழை. அதனால் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. நான்கு மாறிகளுக்கு நான்கு சமன்பாடுகள் என்பதை உயர்நிலை மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

மேல்நிலை வகுப்பு இயற்பியலுக்கு ஒரு குறிப்பு. ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கையின்படி அந்த உயரத்தில், அந்த வேகத்தில் செல்லும் கடிகாரம் தரையிலுள்ள கடிகாரத்தை விட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ வினாடி முந்தி ஓடும். இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் கணக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் பிசகும். காட்பாடியில் நிற்கும் வண்டியைப் பாலாற்றுக்கு அக்கரையில் எங்கோ காட்டிவிடும்.

நம் நாட்டு எடுத்துக்காட்டையும் சொல்ல வேண்டும். இஸ்ரோ உருவாக்கிய நாவிக் அமைப்பின் முதல் செயற்கைக்கோளான ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ, 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதிலிருந்த மூன்று ருபீடியம் அணுக் கடிகாரங்களும் பின்னர் செயலிழந்தன. செயற்கைக்கோள் வானில் இருந்தது, மின்சாரம் இருந்தது, தகவல் அனுப்பவும் முடிந்தது. ஆனால் இடம் காட்டும் வேலைக்கு அதைப் பயன்படுத்த முடியவில்லை. அதற்கு ஈடாக 2018 ஏப்ரல் 12 அன்று ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஐ ஏவப்பட்டது. கடிகாரம் நின்றால் இடமும் போய்விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

செயற்கைக்கோளுக்கு இந்திய நேரம் தெரியாது

இவ்வளவு துல்லியமான கடிகாரம் தலைக்கு மேல் இருக்கும்போது மணி எப்படித் தவறும்? அந்தக் கடிகாரம் எந்த ஊரின் நேரத்தையும் காட்டுவதில்லை என்பதே விடை. துபாய், காட்பாடி, பெர்லின் என்ற பெயர்களெல்லாம் அதற்குத் தெரியாது. 1980 ஜனவரி 6 தொடங்கி இது எத்தனையாவது வாரம், இந்த வாரத்தில் எத்தனையாவது வினாடி என்பதை மட்டுமே ஜி.பி.எஸ். சொல்கிறது. கருவி அதிலிருந்து உலகப் பொது நேரத்தைக் கணக்கிடுகிறது. பூமியின் சுழற்சி சீராக இல்லாததால் உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது ஒரு வினாடி சேர்க்கப்பட்டுள்ளது. ஜி.பி.எஸ். நேரத்தில் அப்படிச் சேர்ப்பதில்லை. 2017 ஜனவரி 1 முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 18 வினாடி. இந்த எண்ணையும் செயற்கைக்கோளே அனுப்பிவிடுகிறது.

வார எண்ணில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. தொடக்கத்தில் வார எண்ணுக்குப் பத்து இரும இலக்கங்களே ஒதுக்கப்பட்டன. இரண்டின் பத்தாம் அடுக்கு 1024. எனவே 0 முதல் 1023 வரைதான் எண்ண முடியும், பிறகு மீண்டும் 0. காரின் ஓட்டமானி 99,999க்குப் பிறகு 00000 ஆவதைப் போல. 1024 வாரம் என்பது 7168 நாள், அதாவது சுமார் 19 ஆண்டு 7 மாதம். முதல் சுற்று 1999 ஆகஸ்டிலும் இரண்டாம் சுற்று 2019 ஏப்ரலிலும் முடிந்தன. மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் அந்த நாளில் தேதியைப் பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிக் காட்டக்கூடும். மூன்றாவது சுற்று எந்த ஆண்டு முடியும் என்பதை மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். 2038 நவம்பர் என்று விடை வர வேண்டும்.

நேர மண்டலத்தை எங்கிருந்து அறிகிறது?

உலகப் பொது நேரம் கிடைத்த பிறகு அதனுடன் எத்தனை மணி கூட்ட வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும். நமக்கு 5½ மணி, துபாய்க்கு 4 மணி. இதைக் கருவி மூன்று வழிகளில் அறிகிறது.

முதல் வழி, மனிதர் கையால் அமைப்பது. மாணவன் கொண்டுவந்த கருவி இந்த வகை. துபாயில் யாரோ '+4' என்று அமைத்திருந்தார்கள், அது அப்படியே இருந்தது. அமைப்புகள் பகுதிக்குள் சென்று '+5.30' என மாற்றியதும் வகுப்புக் கடிகாரமும் கருவியும் ஒன்றாயின. வகுப்பில் ஒரே கைதட்டல்.

இரண்டாம் வழி, கைபேசிக் கோபுரம். கைபேசி எந்த வலையமைப்பில் இணைகிறதோ அந்த வலையமைப்பே உள்ளூர் நேரத்தைத் தெரிவித்துவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. நாட்டு எல்லையோரத்தில் நிற்கும்போது அண்டை நாட்டுக் கோபுரத்தின் அலை வலுவாக இருந்தால் நாம் நகராமலே கைபேசியின் மணி நகர்ந்துவிடும்.

மூன்றாம் வழி, வரைபடம். புதிய கார்களில் உள்ள கருவிகள் தம் வரைபடத்துக்குள்ளேயே நேர மண்டலங்களின் எல்லைகளையும் வைத்திருக்கின்றன. தான் இருக்கும் அட்சம், தீர்க்கம் எந்த எல்லைக்குள் விழுகிறது என்று பார்த்து, அதற்குரிய நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. இங்கே கவனிக்க வேண்டியது: தீர்க்கக்கோட்டை நான்கால் பெருக்கி நேரத்தைக் கண்டுபிடிப்பதில்லை. எந்த நாட்டின் எல்லைக்குள் என்று தேடித்தான் கண்டுபிடிக்கின்றன.

இதை விளக்கக் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடி எங்களுக்குக் கைகொடுக்கிறது. அதைத் தாண்டிச் சித்தூர் சாலையில் சென்றால் ஆந்திரம். பெயர்ப்பலகையின் மொழி மாறுகிறது, மணி மாறுவதில்லை. இனி பீகாரின் ரக்சாலுக்குப் போவோம். எல்லைக்கு அந்தப் பக்கம் நேபாளத்தின் பீர்கஞ்ச். இரண்டும் ஏறத்தாழ ஒரே தீர்க்கக்கோட்டில் உள்ளன. ஆனால் நேபாள நேரம் உலகப் பொது நேரத்தை விட 5 மணி 45 நிமிடம் முந்தியது. கணக்கை இப்படிக் கொடுத்தேன்:

ரக்சாலில் ஒரு லாரி காலை 10.00 மணிக்குப் புறப்படுகிறது. பீர்கஞ்ச் செல்ல 30 நிமிடம். அங்குள்ள கடிகாரத்தில் மணி என்ன? விடை 10.45. அதே லாரி உடனே திரும்பி 30 நிமிடத்தில் ரக்சால் வந்தால்? விடை 11.00. போகும்போது 45 நிமிடம், வரும்போது 15 நிமிடம் ஆனதைப் போலத் தோன்றும்.

லாரி ஓட்டுநரின் மகன் ஒருவன் கேட்டான்: "அப்ப மேப்புல, சேரும் நேரம்னு காட்டுறது எந்த ஊர் டைம்?" மிகச் சரியான கேள்வி. பெரும்பாலும் போய்ச் சேரும் ஊரின் நேரத்தைக் காட்டுவதே பயனுள்ளது, ஏனெனில் கிடங்கின் கதவு அந்த ஊர் மணிக்குத்தான் திறக்கும். ஆனால் எல்லாக் கருவிகளும் அப்படிக் காட்டும் என்று நம்பிவிடக் கூடாது. "இன்னும் எத்தனை மணி நேரம்?" என்ற எண்ணை நம்பு, "எத்தனை மணிக்கு?" என்ற எண்ணை ஒரு முறை சரிபார் என்று வகுப்பு முடிவுசெய்தது.

எல்லை மாறாமலே நேரம் மாறும்

கொழும்பின் தீர்க்கக்கோடு ஏறத்தாழ 79.86 பாகை கிழக்கு. காட்பாடிக்கும் அதற்கும் முக்கால் பாகைதான் வேறுபாடு. சூரியன் இரண்டு ஊர்களிலும் மூன்று நிமிட இடைவெளியில் உச்சிக்கு வருகிறது. இலங்கையும் நம்மைப் போல 5½ மணி நேரத்தைத்தான் கடைப்பிடித்து வந்தது. மின்பற்றாக்குறையைச் சமாளிக்க, 1996 மே மாதத்தில் இலங்கை அரசு கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி நேரம் பின்னே வந்தது. 2006 ஏப்ரலில், புத்தாண்டை ஒட்டி, மீண்டும் 5½ மணிக்குத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் வடக்கில் சில பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்ததால் ஒரே தீவில் இரண்டு மணிகள் இருந்தன.

இந்தப் பத்தாண்டுகளில் கொழும்பு நகரவில்லை, பூமியின் சுழற்சி மாறவில்லை, செயற்கைக்கோள்களுக்கு எதுவும் தெரியாது. மாறியது அரசின் முடிவு மட்டுமே. பலகை ஓரத்தில் நாங்கள் விட்டுவைத்த ஜெர்மனிக் கேள்விக்கும் விடை இதுவே. ஐரோப்பிய நாடுகள் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே இழுக்கின்றன. கோடைப் பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு அது.

இத்தகைய முடிவுகளைக் கணினிகளுக்குச் சொல்ல உலகப் பொதுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. 'ஆசியா/கொல்கத்தா', 'ஆசியா/கொழும்பு' என்று ஊர்ப் பெயர்களில் அது அமைந்துள்ளது. எந்த நாடு எந்த நாளில் நேரத்தை மாற்றியது என்பதைத் தன்னார்வலர்கள் தேடித்தேடிப் பதிவுசெய்கிறார்கள். நம் கைபேசி 'புதுப்பிக்கவா?' என்று கேட்கும்போது வரும் பொதிகளில் இந்தப் பட்டியலின் திருத்தங்களும் அடங்கும். ஒரு நாடு நேரத்தை மாற்றியும் கருவி புதுப்பிக்கப்படாவிட்டால், அது இடத்தைச் சரியாகக் காட்டும், மணியைத் தவறாகக் காட்டும்.

அந்தப் பட்டியலில் இந்தியாவுக்கான வரிகளில் ஒன்று நமக்கு நெருக்கமானது. 1906க்கு முன் வழங்கிய நேரமாக அங்கே இடம்பெற்றிருப்பது சென்னை நேரம்.

காட்பாடியில் மூன்று மணிகள்

நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் கோல்டிங்காம், 1802இல் சென்னையின் தீர்க்கக்கோட்டைக் கணக்கிட்டார். அதன்படி சென்னை நேரம் கிரீன்விச் நேரத்தை விட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது. அதே 1802இல்தான் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளந்து மாபெரும் முக்கோண நில அளவைப் பணியைத் தொடங்கினார். இடத்தை அளப்பதும் நேரத்தை அளப்பதும் நம் மாநிலத்தில் ஒரே ஆண்டில் கைகோத்தன.

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை திறக்கப்பட்டது. ஊருக்கு ஊர் ஒரு மணி இருந்தால் இரயில் ஓட்ட முடியாது. அதனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இரயில்வேக்கள் சென்னை நேரத்தைப் பொது நேரமாக எடுத்துக்கொண்டன. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்டநேரம் வந்தது. சென்னை நேரத்தில் ஓடிய கடிகாரம் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் 1945 வரை இந்தியத் திட்டநேரமே ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டிருந்தது. 82½ பாகை என்பதும் மனிதர்கள் சேர்ந்து எடுத்த முடிவுதான் என்று மாணவர்கள் உணர இந்த வரலாறு உதவுகிறது.

காட்பாடியின் தீர்க்கக்கோட்டை 79 பாகை 8 கலை என்று கொள்வோம். திட்டநேரக் கோட்டிலிருந்து 3 பாகை 22 கலை மேற்கே. நான்கால் பெருக்கினால் 13 நிமிடம் 28 வினாடி. அதாவது நம் கைக்கடிகாரம் 12.00 காட்டும்போது காட்பாடியின் தலநேரம் ஏறத்தாழ 11.46½, பழைய சென்னை நேரம் 11.51. மூன்று மணிகளும் ஒரே நொடியைத்தான் குறிக்கின்றன. உங்கள் ஊருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு? சென்னைக்கு ஏறத்தாழ 9 நிமிடம், நாகப்பட்டினத்துக்கு 10½, சேலத்துக்கும் மதுரைக்கும் 17½, கன்னியாகுமரிக்கு 20, கோயம்புத்தூருக்கு 22. எங்கள் மாணவர்கள் ஆம்பூருக்குக் கணக்கிட்டு, அங்கே காட்பாடியை விட ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத் தாமதமாகச் சூரியன் உச்சிக்கு வரும் என்று கண்டார்கள்.

நிழலால் சரிபார்த்தல்

கணக்கை மைதானத்தில் சரிபார்க்கலாம். செலவே இல்லாத செயல்பாடு இது.

1. சமமான தரையில் ஒரு மீட்டர் உயரக் கம்பை நூல்குண்டு பிடித்துச் செங்குத்தாக நடவும்.
2. காலை 10.30 மணியளவில் நிழலின் நுனி வரை கயிற்றை நீட்டி, கம்பை மையமாக வைத்து வட்டம் வரையவும். அந்த நேரத்தைக் குறிக்கவும்.
3. நிழல் குறைந்து, பின் வளர்ந்து, நண்பகலுக்குப் பிறகு அதே வட்டத்தை மீண்டும் தொடும் நேரத்தைக் குறிக்கவும்.
4. இரண்டு நேரங்களின் சராசரியே சூரியன் உச்சிக்கு வந்த நேரம். வட்டத்தின் மீதுள்ள இரண்டு புள்ளிகளை இணைத்தால் கிழக்கு மேற்கு திசை கிடைக்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பூமியின் பாதை நீள்வட்டம் என்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் சூரியன் எல்லா நாளும் ஒரே மணிக்கு உச்சிக்கு வருவதில்லை. காட்பாடியில் நவம்பர் முதல் வாரத்தில் 11.57க்கே உச்சி வந்துவிடும். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் 12.28 ஆகிவிடும். இரண்டு நாளிலும் ஒரு மீட்டர் கம்பின் உச்சி நிழல் ஏறத்தாழ ஒன்றே, அரை மீட்டருக்குச் சற்று மேல். நிழல் ஒன்று, மணி மட்டும் அரை மணி நேரம் வேறு! ஆண்டில் இரண்டு முறை செய்தால்தான் இந்தச் சுவை கிடைக்கும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாள்களை ஒட்டி இந்தத் திருத்தம் ஏறத்தாழ சுழியம். ஒரே ஒரு முறை செய்ய முடிந்தால் டிசம்பர் மூன்றாவது வாரம் ஏற்றது. நிழலும் நீளமாக இருக்கும், வானமும் பெரும்பாலும் தெளிந்திருக்கும், திருத்தமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாது.

வகுப்பு வாரியாக

• 4, 5ஆம் வகுப்பு: வெளிநாட்டு உறவினர்களின் நேரப் பட்டியல், கயிற்று விளையாட்டு, நிழலின் நீளம் மாறுவதைப் படமாக வரைதல்.
• 6 முதல் 8 வரை: ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பதைத் தம் ஊருக்குக் கணக்கிடுதல், ரக்சால், பீர்கஞ்ச் கணக்கு, நிழல் வட்டம்.
• 9, 10ஆம் வகுப்பு: தலநேரம், சென்னை நேரம், திட்டநேரம் ஒப்பீடு, 1024 வாரக் கணக்கு, இலங்கையின் நேர மாற்றங்களைக் காலக்கோட்டில் குறித்தல்.
• மேல்நிலை: நான்கு மாறிகள், நான்கு சமன்பாடுகள், 38 மைக்ரோ வினாடிக் கணக்கு.

மதிப்பீட்டுக்கு நான் பயன்படுத்தும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "ஒரு கருவி இடத்தைச் சரியாகவும் நேரத்தைத் தவறாகவும் காட்டுகிறது. காரணங்கள் என்னவாக இருக்கலாம்?" கையால் அமைத்தது மாறவில்லை, அண்டை நாட்டுக் கோபுரம், புதுப்பிக்காத பட்டியல் என்று மூன்றில் இரண்டையாவது எழுதும் மாணவருக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று கொள்கிறேன். கருவியே இல்லாத பள்ளியிலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

சூரியன் தரும் நேரம் இயற்கையுடையது. அணுக் கடிகாரம் தரும் நேரம் அறிவியலுடையது. திட்டநேரம் மக்கள் கூடி வாழ்வதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. முதல் இரண்டையும் கருவி தானே அறிந்துகொள்ளும், மூன்றாவதை நாம்தான் அதற்குச் சொல்லித் தர வேண்டும். திரையில் தெரியும் எண்ணை அப்படியே ஏற்காமல் "இது யார் சொன்ன மணி?" என்று கேட்கும் பிள்ளைகளை உருவாக்க, பள்ளி மைதானத்தில் ஒரு கம்பும் ஒரு கயிறும் இருந்தால் போதும்.